பாயில்ஸ் மெஷின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

மேசையில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது பாயில்ஸ் மெஷின், அதாவது மயக்க வாயு கொடுக்கும் மெஷின், மக்கர் செய்தால், முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல. நோயாளியை மெஷினிலிருந்து பிரித்து, கையால் அமுக்கும் ஆம்பு பையில் மூச்சு கொடுங்கள். அந்தப் பைக்கு ஆக்ஸிஜன் தனியாக நிற்கும் சிலிண்டரிலிருந்து வர வேண்டும். மெஷினின் பக்கவாட்டில் உள்ள துணை ஆக்ஸிஜன் புளோமீட்டரில் சொருகினால், அதுவும் மெஷினுக்குச் சுவரிலிருந்து வாயு கொண்டுவரும் அதே பைப்லைனில்தான் தொங்குகிறது. பைப்லைன்தான் கோளாறு என்றால், இங்கிருந்து தப்பித்து அங்கே மாட்டிக்கொண்ட கதைதான். ஆகவே தலைமாட்டில் ஆம்பு பை, தனி சிலிண்டர், அதன் மேலேயே கயிற்றில் கட்டிய சாவி ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தக் கேஸையும் தொடங்கக் கூடாது.

ஆம்புவுக்கு மாறுவது நோயாளியைக் காப்பாற்றுவதோடு நிற்பதில்லை, பாதிப் பழுதையும் அதுவே கண்டுபிடித்துவிடும். மாறியதும் நிலைமை சரியானால் கோளாறு மெஷினிலோ, அதிலிருந்து நோயாளிக்குப் போகும் குழாய்த் தொகுதியான சர்க்யூட்டிலோ இருக்கிறது. சரியாகவில்லை என்றால் மூச்சுக்குழாயில் இறக்கிய டியூபிலோ நோயாளியின் நுரையீரலிலோ இருக்கிறது. அரை நிமிடத்துக்குள் காரணம் பிடிபடவில்லை என்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் மாறிவிடுங்கள்.

இனி வரும் குறிப்புகள் மயக்க மருந்து மருத்துவருக்கும், அவரோடு நிற்கும் டெக்னீஷியனுக்கும், பழுது பார்க்க வரும் பயோமெடிக்கல் ஆட்களுக்கும் உரியவை. வாயு போகும் வரிசை மனதில் இருந்தால் எதுவும் குழப்பாது: சிலிண்டர் அல்லது பைப்லைன், அழுத்தத்தை இறக்கும் ரெகுலேட்டர், ஓட்டத்தை அளக்கும் புளோமீட்டர், திரவ மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசர், கலந்த வாயு வெளிவரும் காமன் கேஸ் அவுட்லெட், சர்க்யூட், நோயாளி. நிறைந்த ஆக்ஸிஜன் சிலிண்டரில் ஏறக்குறைய 137 பார். ரெகுலேட்டர் அதை 45 பி.எஸ்.ஐ. அளவுக்கு, அதாவது 3 பாருக்குச் சற்று மேல், இறக்குகிறது. பைப்லைன் 50 முதல் 55 பி.எஸ்.ஐ. வரை வரும். புளோமீட்டரைத் தாண்டிய பிறகு காற்றழுத்தத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இந்த 45-க்கும் 50-க்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். கீழே ஒரு இடத்தில் உயிர் போவதும் பிழைப்பதும் அதில்தான் இருக்கிறது.

விசில் அடிக்கிறது, ஆக்ஸிஜன் அழுத்த அலாரம் கத்துகிறது

பைப்லைன் அழுத்தம் விழுந்துவிட்டது. மேனிபோல்டில் (பைப்லைனுக்கு வாயு தரும் சிலிண்டர் வரிசை) சிலிண்டர் மாற்றும் இடைவெளி, சுவரில் சொருகியது கழன்றது, ஹோஸ் மேல் டிராலி சக்கரம் ஏறி நிற்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். நைட்ரஸ் பாபின் (நைட்ரஸ் ஆக்ஸைடு புளோமீட்டரில் ஓட்டத்தைக் காட்டும் மிதவை) தானாகக் கீழே இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். ஆக்ஸிஜன் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை அடைக்கும் பாதுகாப்பு வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது.

1. மெஷினில் பொருத்தியுள்ள மாற்றுச் சிலிண்டரை முழுவதும் திறங்கள். அரைச் சுற்றோடு நிறுத்தினால் பாதி ஓட்டத்தில் மூச்சுத் திணறும்.
2. பைப்லைன் ஹோஸைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்.
3. ஓட்டத்தைக் குறையுங்கள்.
4. வென்டிலேட்டரை நிறுத்திக் கையால் பை அமுக்குங்கள்.

நான்காவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வென்டிலேட்டரில் மூச்சுத் தள்ளும் துருத்தியான பெல்லோஸை அமுக்கும் உந்து வாயுவும் பெரும்பாலான மெஷின்களில் ஆக்ஸிஜன்தான். கணக்கு எளிது. சிலிண்டரில் பொறித்துள்ள நீர்க் கொள்ளளவை லிட்டரிலும், மானோமீட்டர் காட்டும் அழுத்தத்தைப் பாரிலும் எடுத்துப் பெருக்கினால் மீதமுள்ள ஆக்ஸிஜன் லிட்டரில் கிடைக்கும். 10 லிட்டர் சிலிண்டரில் 60 பார் இருந்தால் 600 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டும் ஓடினால் 5 மணி நேரம் தாங்கும். வென்டிலேட்டர் இன்னொரு 8 லிட்டரை இழுத்தால் அதே சிலிண்டர் 1 மணி நேரத்தில் காலி. கரண்ட் பிரச்சினையும் மேனிபோல்ட் பிரச்சினையும் ஒன்றாக வரும் ராத்திரியில் இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

பைப்லைன் ஒழுங்காக வரும்போது மாற்றுச் சிலிண்டரை மூடியே வையுங்கள். திறந்து விட்டால் பைப்லைன் அழுத்தம் 45-க்குக் கீழே தாழும் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் அதிலிருந்து வடிந்துகொண்டே இருக்கும். தேவைப்படும் நாளில் முள் பூஜ்யத்தில் நிற்கும்.

நைட்ரஸ் முள்ளை வைத்து மீதியைக் கணக்கிடாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும் வரை 20 டிகிரியில் முள் 745 பி.எஸ்.ஐ. பக்கத்திலேயே நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். அப்போது கால்வாசிக்கும் குறைவுதான் மிச்சம். எடை போட்டுப் பார்ப்பது ஒன்றே சரியான வழி. நம் ஊர் கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு: நைட்ரஸின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் திரவமாக இருக்க முடியாத வெப்பநிலை, 36.5 டிகிரி. தகரக் கூரை போட்ட சிலிண்டர் அறையில் மே மாதம் உள்ளே திரவமே இருக்காது, அழுத்தமும் எகிறும். வெப்ப நாடுகளில் நைட்ரஸை 0.75-க்குப் பதில் 0.67 நிரப்பு விகிதத்தில் (வாயுவின் எடைக்கும் சிலிண்டர் கொள்ளும் நீரின் எடைக்கும் உள்ள விகிதம்) அடைப்பதற்குக் காரணம் அதுதான்.

சிலிண்டர் மாற்றியதும் சீறுகிறது

சீறல் பெரும்பாலும் சிலிண்டருக்கும் அதைப் பிடிக்கும் சட்டமான யோக்குக்கும் நடுவே உள்ள போடோக் சீலிலிருந்து வருகிறது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல சீல் உலோக வளையத்துக்குள் வழவழப்பான ரப்பர். தேய்ந்த சீலில் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி, யோக் மூக்கு அழுத்திய வட்டத் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். அதை மாற்றுங்கள். பழையதின் மேல் புதியதை வைத்து இரண்டாகப் போடவே கூடாது. கசிவு அதிகமாகும் என்பது சின்ன விஷயம். இரட்டை வாஷரின் தடிமனில் யோக்கின் பின்கள் சிலிண்டரின் துளைக்குள் இறங்காமலே சிலிண்டர் உட்கார்ந்துவிடும். ஆக்ஸிஜனுக்கு 2-5, நைட்ரஸுக்கு 3-5, காற்றுக்கு 1-5 என்ற எண்ணிட்ட இடங்களில் பின்களை வைத்ததே தப்பான சிலிண்டர் ஏறக் கூடாது என்பதற்காக. அந்தக் காவலை நாமே கழற்றி எறிந்த மாதிரி ஆகும். பின் உடைந்த யோக்கையும் அன்றைக்கே ஒதுக்கிவையுங்கள்.

பொருத்துவதற்கு முன் சிலிண்டரை யாரும் எதிரில் நிற்காத பக்கம் திருப்பி ஒரு நொடி திறந்து மூடினால் வாயிலுள்ள தூசி போய்விடும். எண்ணெய், கிரீஸ், வாசலைன் எதையும் தொட்ட கையால் தொடாதீர்கள். 137 பார் ஆக்ஸிஜனில் எண்ணெய் தானே பற்றும்.

முள் சரியாக நிற்கிறது, ஆக்ஸிஜன் சதவீதம் மட்டும் இறங்குகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் மிக மோசமானது. பைப்லைன் அழுத்தம் 50-ல் அசையாமல் நிற்கும், பாபின் சுழலும், பை நிரம்பும். ஆக்ஸிஜன் அனலைசர் மட்டும் 21-க்குக் கீழே போகும். குழாயில் வருவது ஆக்ஸிஜன் அல்ல என்று அர்த்தம்.

இந்த இடத்தில் மனித மனம் செய்யும் தவறு எப்போதும் ஒன்றேதான்: அனலைசரைச் சந்தேகிப்பது. அனலைசர் பொய் சொல்கிறது என்று நிரூபணமாகும் வரை அதை நம்புங்கள். சிட்னியில் ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான உயிர்ப்பிப்பு மேசையின் ஆக்ஸிஜன் முனையில் நைட்ரஸ் வந்துகொண்டிருந்தது 2016-ல் தெரியவந்தது. அதற்குள் ஒரு குழந்தை இறந்துவிட்டது, இன்னொன்றுக்கு மூளை பாதிக்கப்பட்டது. முனையில் எழுதியிருந்தது ஆக்ஸிஜன் என்றுதான். பைப்லைனில் வெல்டிங் வேலை, புது முனை, மேனிபோல்ட் பழுது என்று எது நடந்தாலும், அந்த அறையின் ஒவ்வொரு முனையையும் அனலைசர் வைத்து அளந்த பிறகே நோயாளியை உள்ளே கொண்டுவர வேண்டும். இதில் சமாதானமே கிடையாது.

செய்ய வேண்டியது: மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறங்கள், உடனே பைப்லைன் ஹோஸைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் பயனே இல்லை. மேலே சொன்ன 45-ம் 50-ம் இங்கேதான் வருகின்றன. பைப்லைன் 50-ல் தள்ளிக்கொண்டிருக்கும்போது 45-ல் வரும் சிலிண்டர் வாயு உள்ளே நுழையவே முடியாது. சிலிண்டர் திறந்திருக்கும், முள் நிறைவைக் காட்டும், நோயாளிக்கோ அதே தப்பான வாயு போய்க்கொண்டிருக்கும்.

சிலிண்டரின் மேலேயே சந்தேகம் வந்தால், ஆம்பு பையில் வெறும் அறைக் காற்றைக் கொடுங்கள். 21 சதவீதம் என்பது பூஜ்யத்தைவிட எவ்வளவோ மேல்.

நோயாளி பாதுகாப்பாக ஆன பிறகு அனலைசரைச் சோதிக்கலாம். சென்சரைக் கழற்றி அறைக் காற்றில் வைத்தால் 21 காட்ட வேண்டும், சுத்த ஆக்ஸிஜனில் 100-ஐ ஒட்டி வர வேண்டும். எண் தள்ளாடிக்கொண்டே இருந்தாலோ, காலிபரேஷன் ஏற்க மறுத்தாலோ சென்சர் செல் தேய்ந்துவிட்டது.

பைப்லைன் சரி, அனலைசரும் சரி, ஆனாலும் சதவீதம் குறைகிறது என்றால் ஆக்ஸிஜன் புளோமீட்டர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாபின் காட்டும் ஆக்ஸிஜனில் ஒரு பகுதி அங்கேயே வெளியே போயிருக்கலாம்.

பாபின் நடவடிக்கை சரியில்லை

சுழலாத பாபின் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தூசி, நிலை மின்சாரம், மெஷின் சாய்ந்து நிற்பது ஆகியவை அதைக் குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கும். பாபினில் மேல் விளிம்பையும், உருண்டை வகையில் நடு விட்டத்தையும் படிக்க வேண்டும். பாபினே காணோம் என்றால் குழாயின் உச்சியைப் பாருங்கள். வால்வு முழுவதும் திறந்து கிடந்தால் பாபின் மேலே மறைந்துகொள்ளும், பார்ப்பவருக்கு ஓட்டமே இல்லாதது போலத் தோன்றும். குமிழை மூடிய பிறகும் பாபின் மிதந்தால் ஊசி வால்வின் இருக்கை தேய்ந்துவிட்டது. யாரோ பல நாளாக இறுக்கி இறுக்கி மூடியதன் பலன் அது. விரல் நுனி பலத்துக்கு மேல் அந்தக் குமிழுக்குத் தேவையே இல்லை. சில மெஷின்களில் மூடிய நிலையிலும் கொஞ்சம் அடிப்படை ஆக்ஸிஜன் ஓட்டம் இருக்கும். அதைப் பழுதென்று எண்ணி இறுக்கிவிடாதீர்கள்.

பை நிரம்பவில்லை, சர்க்யூட்டில் அழுத்தம் ஏறவில்லை

அடிக்கடி வரும் புகார் இது. பத்தில் பெரும்பாலானவை நோயாளிக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆகவே மெஷினைக் குடைவதற்கு முன் நோயாளியிடமிருந்து பின்னோக்கி வாருங்கள். டியூபைச் சுற்றி உப்பும் கஃபில் காற்று இருக்கிறதா, சர்க்யூட் டியூபோடு சேரும் ஒய் பீஸ் கழன்றிருக்கிறதா, மூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கேப்னோகிராபின் சாம்பிள் குழாய் சொருகும் துளை திறந்து கிடக்கிறதா, வாட்டர் டிராப் மூடி இறுக்கமா, கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் ஏபிஎல் வால்வு திறந்திருக்கிறதா, பை–வென்டிலேட்டர் மாற்றி எந்தப் பக்கம் நிற்கிறது. இவ்வளவும் பார்க்க கைக்கு அரை நிமிடம் போதும்.

அடுத்து காமன் கேஸ் அவுட்லெட். குழாய்க்குள் குழாயாக உள்ள பேயின் சர்க்யூட்டுக்கு என்று தனி அவுட்லெட்டும் அதற்கு ஒரு மாற்று நெம்புகோலும் உள்ள மெஷின்களில், குழந்தைக் கேஸ் முடிந்ததும் நெம்புகோலைத் திருப்ப மறந்துவிடுவார்கள். புளோமீட்டரில் 6 லிட்டர் ஓடும், வாயுவைச் சுற்றவிட்டுத் திரும்பப் பயன்படுத்தும் சர்க்கிள் சர்க்யூட்டுக்கு ஒரு சொட்டும் வராது.

இவை எதுவும் இல்லை என்றால் நோயாளியை ஆம்புவில் வைத்துக்கொண்டு முறையாகக் கசிவுச் சோதனை செய்யுங்கள். ஏபிஎல் வால்வை மூடுங்கள். ஒய் பீஸை உள்ளங்கையால் அடையுங்கள். ஓட்டங்களை நிறுத்தி, ஆக்ஸிஜனை நேராகப் பாய்ச்சும் பிளஷ் பட்டனைச் சுருக்கமாக அழுத்தி 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். 10 விநாடி நிற்க வேண்டும். இறங்கினால் எவ்வளவு கசிவு என்று அளந்துவிடலாம்: ஆக்ஸிஜன் குமிழை மெல்லத் திறந்து, முள் 30-ல் அசையாமல் நிற்கும் ஓட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த ஓட்டம்தான் கசிவு. சர்க்யூட்டில் நிமிடத்துக்கு 150 மில்லிக்குள் இருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் அழுத்தத்தை ஏபிஎல் வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். ஒய் பீஸிலிருந்து கையை எடுத்து விட்டால், விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும் சோடா லைமின் தூள் மூச்சுக் குழாய்ப் பக்கம் அடித்து வரும். காரத் தூள் அது. அதோடு, ஏபிஎல் ஒழுங்காகத் திறக்கிறதா என்ற சோதனையும் இதிலேயே முடிந்துவிடும்.

சர்க்கிளில் கசிவு என்று தெரிந்தால் முதலில் சோடா லைம் டப்பாவைக் கழற்றுங்கள். புதிதாக நிரப்பிய அன்றே கசிவு வந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக அங்கேதான். டப்பாவின் விளிம்பில், ரப்பர் வளையத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே, மிளகளவு ஒரு சோடா லைம் மணி மாட்டியிருக்கும். அந்த ஒரு மணி வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் வாயுவை வெளியே விடும். ஈரமில்லாத துணியால் விளிம்பையும் வளையத்தையும் சுற்றிவரத் துடைத்து மறுபடி பூட்டுங்கள். நிரப்பியவுடன் டப்பாவைத் தட்டி மணிகளைச் சீராக உட்காரவைத்து, மேல் விளிம்பைத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் புகாரே வராது.

சர்க்யூட் நன்றாக இருந்து மெஷினுக்குள் கசிந்தால், வேப்பரைசரைச் சந்தேகியுங்கள். நிரப்பும் மூடி இறுகவில்லை, அல்லது வேப்பரைசர் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது அடியிலுள்ள ஓ-வளையம் கிழிந்தோ காணாமலோ போயிருக்கிறது. டயல் மூடியிருக்கும்போது மூடியின் கசிவு தெரியாது, திறந்ததும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு வேப்பரைசரையும் திறந்து வைத்துத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வெளியேறும் வழியில் ஒரு வழி வால்வு உள்ள மெஷின்களில் சாதாரண அழுத்தச் சோதனை இந்தக் கசிவைக் காட்டாமல் மறைத்துவிடும். அவற்றுக்கு உறிஞ்சும் ரப்பர் பல்ப் சோதனைதான் சரி: மெஷினை அணைத்து, ஓட்டங்களை மூடி, பல்பை அமுக்கிச் சுருக்கி காமன் கேஸ் அவுட்லெட்டில் பொருத்துங்கள். 10 விநாடி சுருங்கியே இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டயலாகத் திறந்து மறுபடி. நிமிடத்துக்கு 30 மில்லி கசிவைக்கூட இது பிடித்துவிடும்.

பையை அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது

டியூபிலிருந்து சர்க்யூட்டைக் கழற்றிப் பையை அமுக்குங்கள். இப்போதும் கல்லாக இருந்தால் அடைப்பு சர்க்யூட்டில். இலகுவாகப் போனால் டியூபிலோ நோயாளியிடமோ: டியூப் மடிந்திருக்கிறதா, கடிபடுகிறதா, சளி அடைத்திருக்கிறதா என்று சக்‌ஷன் கத்தீட்டரை இறக்கிப் பாருங்கள். ஒரு பக்க நுரையீரலுக்குள் போயிருக்கிறதா என்று இரு பக்கமும் கேளுங்கள். மூச்சுக்குழாய் இறுக்கம், நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) அதன் பிறகு.

சர்க்யூட்டில் என்றால் முதல் குற்றவாளி பில்டர். நீண்ட கேஸில் ஈரம் ஊறி, சளி ஒட்டி, மூச்சையே அடைத்துவிடும். கழற்றி எறிந்து புதியது போடுங்கள். புதியதைப் போடும்போது ஒரு முறை கண் முன் பிடித்து அதனூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் உறையின் ஒரு துண்டு, சிரிஞ்ச் மூடி, பேக்கிங் ஒட்டு இப்படி ஏதாவது உள்ளே தங்கி மூச்சை அடைத்த நிகழ்வுகள் உலகம் முழுவதும் பதிவாகியுள்ளன.

பை மூச்சுக்கு மூச்சு பெருத்துக்கொண்டே போய், மூச்சு விடும்போதும் முள் கீழே வரவில்லை என்றால் வாயு வெளியேற வழியில்லை. ஏபிஎல் மூடியிருக்கலாம், கழிவு வாயுக் குழாய் சக்கரத்தின் அடியில் நசுங்கியிருக்கலாம், மூச்சு விட்ட பிறகும் சிறிது அழுத்தம் வைக்கும் பீப் வால்வு ஒட்டியிருக்கலாம், பிளஷ் பட்டன் அழுத்திய நிலையிலேயே சிக்கியிருக்கலாம். பிளஷ் நிமிடத்துக்கு 35 முதல் 75 லிட்டர் தள்ளும். நுரையீரல் வெடிக்க அதிக நேரம் ஆகாது. காரணம் தேடாமல் உடனே டியூபிலிருந்து சர்க்யூட்டைக் கழற்றி அழுத்தத்தை விடுங்கள், பிறகு கழிவு வாயுக் குழாயை மெஷினிலிருந்து பிரித்துப் பாருங்கள்.

கேப்னோகிராப் கோடு பூஜ்யத்துக்கு இறங்க மறுக்கிறது

நோயாளி உள்ளிழுக்கும் வாயுவில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது. காரணம் இரண்டில் ஒன்று: சோடா லைம் தீர்ந்துவிட்டது, அல்லது ஒரு வழி வால்வு மூடவில்லை. இரண்டையும் பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஓட்டத்தை 8 முதல் 10 லிட்டருக்கு ஏற்றுங்கள். அடிக்கோடு பூஜ்யத்துக்கு இறங்கினால் சோடா லைம்தான். அவ்வளவு ஓட்டத்தில் வாயு டப்பாவை நம்பி இருப்பதில்லை, கழிவு நேராக வெளியே போய்விடுகிறது. ஏற்றியும் கோடு தூக்கியே நின்றால் வால்வு.

சோடா லைம் என்றால் கேஸ் நடுவில் டப்பாவைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. அதே உயர்ந்த ஓட்டத்தில் கேஸை முடித்து, பிறகு மாற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். எத்தில் வயலட் சேர்த்த மணிகள் தீரும்போது வெள்ளையிலிருந்து ஊதாவாக மாறும். ஆனால் ராத்திரி ஓய்ந்து கிடந்தால் ஊதா மங்கி வெள்ளைக்குத் திரும்பிவிடும். காலையில் பார்ப்பவர் புதிது என்று நினைப்பார், அரை மணியில் மறுபடி ஊதா. சரியாகத் தட்டி நிரப்பாத டப்பாவில் வாயு ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு போவதும் உண்டு. மீதி மணிகள் வெள்ளையாகவே இருக்கும், வேலை நடக்காது. ஆகவே மாற்றிய தேதியை டப்பாவின் மேல் பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள், முடிவைக் கேப்னோகிராப் சொல்லட்டும். அது இல்லாத இடங்களில் டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் சோடா லைம் வெதுவெதுப்பாக இருக்கும்.

கை வைக்க முடியாத சூடு என்றால் அது வேறு விஷயம். சோடா லைமில் 14 முதல் 19 சதவீதம் வரை ஈரம் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஆக்ஸிஜனை ஓட விட்டுப் போனால் திங்கள் காலைக்குள் மணிகள் எலும்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த மணிகளில் டெஸ்ஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க ஆவிகள் பட்டால் கார்பன் மோனாக்ஸைடு உருவாகும். சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. வார இறுதியில் ஓட்டம் ஓடிக்கிடந்தது தெரிந்தால், நிறம் எப்படி இருந்தாலும் மணிகளைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

வால்வு என்றால், கண்ணாடிக் குமிழின் வழியே தட்டைப் பாருங்கள். உள்மூச்சில் ஒரு தட்டும் வெளிமூச்சில் மற்றதும் எழுந்து, தத்தம் நேரத்தில் கிளிக் என்று உட்கார வேண்டும். வெளிமூச்சுப் பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். தட்டின் ஓரத்தில் ஒரு நீர்த்துளி தேங்கி, தட்டை ஒரு பக்கம் தூக்கியபடி ஒட்டவைத்திருக்கும். ஒரு நூல் இடைவெளிதான், ஆனால் விட்ட மூச்சு அதே வழியில் திரும்பி வர அது போதும். நோயாளியை ஆம்புவில் வைத்துக் குமிழைத் திருகி எடுங்கள், தட்டையும் இருக்கையையும் துடைத்து உலர்த்துங்கள். தட்டை ஒரு சமதளக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் விரலால் தட்டுங்கள். ஆடினால் அது வளைந்துவிட்டது, புதியதுதான் வழி. கழுவிய பிறகு தட்டைத் திரும்ப வைக்க மறந்து குமிழை மட்டும் மூடிவிட்ட மெஷின்களும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

பேயின் சர்க்யூட்டில் இதே அறிகுறி வந்தால் உள் குழாய் கழன்றிருக்கலாம். அப்படியானால் வெளிக்குழாய் முழுவதும் இறந்த வெளியாகி, விட்ட மூச்சே திரும்பி வரும். ஒவ்வொரு கேஸுக்கும் முன் சோதியுங்கள்: ஓட்டம் 2 லிட்டர் வைத்து, நோயாளிப் பக்கத்தில் உள் குழாயின் வாயை மட்டும் 2 மில்லி சிரிஞ்ச் பிஸ்டனால் அடையுங்கள். பாபின் சட்டென்று தாழ வேண்டும். தாழவில்லை என்றால் வாயு வேறெங்கோ வெளியேறுகிறது, அந்தச் சர்க்யூட்டைத் தூக்கிப் போடுங்கள். குழாய் நன்றாக இருந்தும் கோடு தூக்கி நின்றால் ஓட்டம் போதவில்லை: கையால் மூச்சு கொடுக்கும்போது கிலோவுக்கு நிமிடத்துக்கு 70 மில்லி, தானாக மூச்சு விடும்போது நிமிட மூச்சளவின் 2 முதல் 3 மடங்கு.

மயக்கம் ஆழமாகவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஆழமாகிறது

ஆழமாகவில்லை என்றால் கண்ணாடியில் திரவ மட்டம், டயல் உண்மையில் திறந்திருக்கிறதா, வேப்பரைசர் பூட்டி உட்கார்ந்திருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். பிறகு பிளஷ். பை தொய்ந்த ஒவ்வொரு முறையும் பிளஷ் அழுத்துபவர், வேப்பரைசரைத் தொடாமல் வரும் வெறும் ஆக்ஸிஜனால் மயக்க வாயுவைக் கழுவி வெளியே அனுப்புகிறார். நோயாளி உள்ளுக்குள் விழித்துக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது. பை தொய்ந்தால் கசிவைத் தேடுங்கள், அல்லது ஓட்டத்தை ஏற்றுங்கள்.

குறைந்த ஓட்டத்தில் டயலைத் திருப்பி உடனே பலன் எதிர்பார்ப்பதும் தவறு. 5 லிட்டர் கொள்ளளவுள்ள சர்க்யூட்டில் அரை லிட்டர் ஓட்டம் என்றால் கால மாறிலி, அதாவது மாற்றம் பெரும்பகுதி ஏற எடுக்கும் நேரம், 10 நிமிடம். 5 லிட்டருக்கு ஏற்றினால் 1 நிமிடம்.

அளவுக்கு மீறி ஆழமானால் டயலை மூடி, ஓட்டத்தை ஏற்றி, இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேப்பரைசர் சாய்ந்ததா? சாய்ந்திருந்தால் திரவம் பக்கவழிக்குள் புகுந்து டயலுக்குச் சம்பந்தமில்லாத அளவில் வரும். அதை நோயாளிக்குப் பயன்படுத்தாமல், கழிவு வாயுக் குழாயில் விட்டு, தயாரிப்பாளர் சொன்ன டயல் அளவில் 20 முதல் 30 நிமிடம் அதிக ஓட்டத்தில் ஊதியெடுத்து, மயக்க வாயு அனலைசரில் அளந்த பிறகே திரும்பப் பொருத்துங்கள்.

தப்பான மருந்து ஊற்றப்பட்டதா? 20 டிகிரியில் ஹாலோத்தேனின் ஆவியழுத்தம் 243 மில்லிமீட்டர், ஐசோஃப்ளூரேன் 238, செவோஃப்ளூரேன் 160-க்குச் சற்றுக் குறைவு. செவோ வேப்பரைசரில் ஹாலோத்தேனை ஊற்றி டயலை 2-ல் வைத்தால் வருவது ஏறக்குறைய 3.5 சதவீதம். 0.75 சதவீதமே போதுமான மருந்து அது! இதயம் நிற்கும் அளவு. தலைகீழாக, ஹாலோத்தேன் வேப்பரைசரில் செவோ ஊற்றினால் 2-க்கு 1.1 தான் வரும், நோயாளி அசைவார். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வடித்துக் கொட்டி, ஆவி தீரும் வரை ஊதி, சரியானதை நிரப்புங்கள். அறை வெப்பத்திலேயே, 23 டிகிரிக்கு முன்பே, கொதிக்கும் டெஸ்ஃப்ளூரேனைச் சாதாரண வேப்பரைசர் பக்கமே கொண்டு போகக் கூடாது.

ஹாலோத்தேன் வேப்பரைசரின் டயல் கடினமாகச் சுற்றினால் அது தைமால். ஹாலோத்தேனைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் 0.01 சதவீதத் தைமால் ஆவியாகாமல் உள்ளேயே தங்கிப் பிசினாகும். திரவம் பழுப்பேறுவதற்கு முன்பே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடித்துவிடுங்கள். டயலுக்கு எண்ணெய் விடாதீர்கள்.

பெல்லோஸ்

மேல்நோக்கி எழும் பெல்லோஸ் உச்சியைத் தொடாமல் மூச்சுக்கு மூச்சு தாழ்ந்தால் கசிவு, மேலே சொன்ன வரிசையில் தேடுங்கள். கீழ்நோக்கித் தொங்கும் வகை தன் எடையாலேயே விரியும். சர்க்யூட் கழன்று கிடந்தாலும் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வகையில் பெல்லோஸைப் பார்க்காதீர்கள், கேப்னோகிராபையும் அழுத்தமுள்ளையும் பாருங்கள். வைத்த அளவைவிட அதிகமாக மூச்சு போய், ஆக்ஸிஜன் சதவீதமும் காரணமின்றி மாறினால் பெல்லோஸில் ஓட்டை. உந்து வாயு ஆக்ஸிஜன் என்றால் சதவீதம் ஏறும், காற்று என்றால் இறங்கும். கையால் பை அமுக்கிக் கேஸை முடியுங்கள்.

கரண்ட் போய்விட்டது

கண்ணாடிக் குழாய் புளோமீட்டரும் சாதாரண வேப்பரைசரும் கரண்ட் இல்லாமலே வேலை செய்யும். பழைய பாயில்ஸில் டார்ச் ஒன்று இருந்தால் போதும். எலக்ட்ரானிக் வொர்க்ஸ்டேஷனில் பேட்டரி ஓடும் நேரத்தில் கையால் மூச்சுக்கு மாறி, அவசர ஆக்ஸிஜன் குமிழ் எங்கே என்று பார்த்து வையுங்கள். சூடாக்கி இயங்கும் டெஸ்ஃப்ளூரேன் வேப்பரைசர் நின்றுவிடும். சிரை வழி மருந்தைத் தயாராக வைத்திருங்கள்.

மெஷினை ஒதுக்கிவைக்கும்போது

நோயாளி வெளியே போனதும் மெஷினில் எதையும் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். டயல் நின்ற இடம், குமிழ்களின் நிலை, முள்கள் காட்டியது, மாற்றியின் பக்கம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சீட்டில் "பழுது" என்று மட்டும் எழுதினால் பயோமெடிக்கல் ஆள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார். இப்படி எழுதுங்கள்: "30 செ.மீ.-ல் கசிவு 600 மில்லி, ஐசோ டயல் திறந்தால் மட்டும், மூடினால் இல்லை." அவர் நேராக நிரப்பும் மூடிக்குப் போவார். சீட்டைப் புளோமீட்டர் குமிழின் மேல் கட்டுங்கள், பின்பக்கத்தில் தொங்கவிட்டால் ராத்திரி அவசரக் கேஸுக்கு யாராவது அதையே உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.